சுவரில் ஆணி மட்டும்

செவ்வாய் இரவு, ஐப்பசி மழை.

மகன் இறந்த பிறகு முதல் தடவையாக, அமெரிக்காவில் இருக்கும் மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சுவரில் அவன் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது. இங்கே வடுகபட்டியில் நான் தினம் மாலை மாற்றுகிறேன்.

"நெஞ்சுல ஈரமே இல்லையாத்தா?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள்.

மகள்தான் அவளிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, அவுக அந்த அமெரிக்க மண்ணோட யாக்கமா பழங்குடி ஆளுக. எறந்தவுக பேரை ஒரு வருசத்துக்குச் சொல்ல மாட்டாகளாம். போட்டோவையும் எடுத்து வச்சுருவாகளாம். வருசம் முடிஞ்சு, எல்லாரையும் கூட்டிச் சோறு போட்டுத்தான் மறுபடி பேரு சொல்லுவாகளாம்."

பாவி, அவளைப் போய் அப்படிக் கேட்டேனே.

இப்போதுதான் கவனிக்கிறேன். இந்த நோட்டில் இத்தனை எழுதியும் அவன் பேரை நானும் எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்தைத் தாண்டிக் கை போகவில்லை.