அம்மா முதலில் கொடுத்த சாவி

அன்புள்ள மகள் கரேனுக்கு அப்பா பிரெட்ரிக் எழுதுவது. மாதா துணையால் நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் கேட்டால் உன் அம்மா எல்லாம் நல்லாயிருக்கு என்று முடித்துவிடுவாள், தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள், அதனால்தான் நான் பேனாவை எடுத்தேன்.

மழையில் நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேடு சரிந்தது உனக்குத் தெரியும். யாருக்கும் அடியில்லை, எல்லாரையும் ஸ்கூல் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். பாய், போர்வை, சோறு எல்லாம் வந்தது, கியா பார்ம் காய்கறித் தோட்டக்காரர்கள் முட்டைக்கோஸை லோரியில் கொண்டுவந்து கொட்டினார்கள், எனக்கு இன்னும் அந்த வாசம் போகவில்லை. பிறகு உதவிக் குழுவிலிருந்து யுவனேஸ்வரி என்ற பிள்ளை வந்தாள், நல்ல பொறுமைசாலி. இதுவரை கிடைத்தது நிவாரணம், அதாவது அன்றன்றைய பசிக்கும் குளிருக்கும், இனி வீடும் வேலையும் பழையபடி நடக்கச் செய்வதுதான் மீட்பு, அதற்கு முன் சேத மதிப்பீடு என்று விளக்கினாள். என்ஜினியர் வீடு வீடாகப் போய்ச் சுவரையும் தரையையும் பார்த்து, குடியிருக்கலாமா கூடாதா என்று சொல்வாராம். அதற்காக எல்லாரும் வீட்டுச் சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுங்கள் என்றாள். ஒருவரும் சாவியை எடுக்கவில்லை.

பாவம், அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். நம் எஸ்டேட்டில் ஆபீஸ் கிராணி கையில் சாவியைக் கொடுக்கிறவன் பேர் வெட்டப்பட்டு வேலையை விட்டுப் போகிறவன்தானே. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா, சாவி மண்ணோடு போய்விட்டது என்று கூசாமல் சொன்னார், அது அவர் கழுத்துக் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நானும் என் சாவியைக் கால் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டேன், சிரிக்காதே. சாவி இல்லாமல் வீட்டைப் பார்க்க முடியாது, பார்க்காமல் யாரும் திரும்பக் கூடாது, மழையோ விட்டபாடில்லை. வருவது வரட்டும், சொல்லாமல் லயத்துக்கே போய்விடலாம் என்று சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள். கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிற என் பிலோமிதானா இவள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யுவனேஸ்வரியிடம் நம் வழக்கத்தை எடுத்துச் சொல்லி, எஸ்டேட் மேனேஜர் துரையை இங்கே வரச்சொல் என்றாள். துரையும் வந்தார். "சாவி குடுத்தா பேரு வெட்டமாட்டோம்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க தொரை" என்று கேட்டாள். அவரும் அப்படியே சொன்னார். அதற்கும் ஒருவரும் அசையவில்லை. அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். "கவாத்து வெட்டுன தேயிலை மலைக்கு மறுநாளே கூடைய தூக்கிட்டு ஓடுவோமா? துளிர் வர்ற வரைக்கும் பொறுக்குறோம்ல? மீட்புன்னா அதான் லா" என்றாள். சொல்லிவிட்டு என் சப்பாத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். இத்தனை பேர் முன்னால் வேறு வழியில்லாமல் கழற்றினேன். மேசையில் விழுந்த முதல் சாவி நம்முடையது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன, மாரியம்மா அக்கா சாவியும் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

மதிப்பீடு முடிந்து எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள் கரேன், நம்மைத் தவிர. நம் வீட்டுப் பின்சுவர் வெடித்து விட்டுப்போயிருக்கிறது, இனிக் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீ பிறந்து வளர்ந்த வீடு, எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மா, நாம் உள்ளே இருக்கும்போது விழவில்லையே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும் என்றாள், பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மாரியம்மா அக்கா வீட்டுச் சேற்றைக் கழுவப் போய்விட்டாள். இப்படிப்பட்டவளோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. துரை சொன்ன சொல் மாறவில்லை, வேலையும் இருக்கிறது, மேல் லயத்தில் நமக்கு வேறு வீடும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மறுகுடியமர்வு என்று பெயராம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் ஷிப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. கிறிஸ்மஸுக்கு வரும்போது நீ கொண்டுபோன பழைய வீட்டுச் சாவியை மறக்காமல் எடுத்து வா. எல்லாச் சாவியும் கொடுத்தாயிற்று என்று அம்மா அன்றைக்கு ஆபீசில் சொல்லிவிட்டாளாம், ஒன்று உன்னிடம் இருப்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை அவள் கையில் கொடுத்தால்தான் உனக்காக வெட்டி வைத்திருக்கும் புதுச் சாவியைத் தருவாளாம்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்குப் பயந்த அப்பா,
பிரெட்ரிக்