அம்மா சொல்லவேண்டிய சாட்சி

நவம்பர் 4, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை.

அம்மா இருக்கும் அகதி முகாமுக்குப் போனேன். அம்மா பெட்டி கட்டுகிறாள். சண்டைக் காலத்தில் அப்பாவைச் சுட்டுக் கொன்றதற்கு, இத்தனை வருடம் கழித்து இலங்கையில் இழப்பீட்டு விசாரணை. கண்ணால் கண்ட சாட்சி அம்மா ஒருத்திதான். "நேரில போய்ச் சொல்லப்போறன்" என்கிறாள்.

போனால் இங்கே அகதிப் பதிவு ரத்து. திரும்பி வர முடியாது. நான் போய்ப் பார்க்கவும் வழியில்லை. குடியுரிமை மனு இன்னும் கிடப்பில், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். இந்த ஊர்க்காரரைக் கட்டி, பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சாகியும் காகிதத்தில் அகதிதான்.

வாங்க: தேங்காய் எண்ணெய், பினாயில், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. எத்தனை மாதத்துக்கு?

5, புதன்
தூக்கமில்லை. முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளரிடம் போனேன். "உங்க அம்மை போனா போனதுதான், பாத்துக்கிடுங்க. மகளுக்கு ஆட்சேபணை உண்டுன்னா எழுதித் தாங்க. பயணத்தத் தள்ளி வைக்கலாம்."

பஸ்ஸில் இரணியல் வரை அதே நினைப்பு. எழுதினால் நான் மனுஷியா? எழுதாவிட்டால் அம்மா இல்லை.

குழம்பில் உப்பில்லை என்றார் வீட்டுக்காரர். கத்திவிட்டேன். "ஏட்டி, எம்மேல எதுக்குச் சாடுத?" பாவம், மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். உப்பு நிஜமாகவே இல்லை.

7, வெள்ளி
அம்மாவின் வழக்கைப் பார்க்கும் வக்கீல் போன் செய்தார். வீடியோவில் சாட்சி சொன்னால் போதுமாம், அங்கே ஒத்துக்கொண்டார்கள். மழையில் முகாமுக்கு ஓடினேன். வழியில் செருப்பு அறுந்தது.

அம்மாவுக்குச் சந்தோஷமில்லை. "அது சரிவராது. நேரில போய்த்தான் சொல்லுவன்."

"நான் பக்கத்துலயே இருக்கேம்மா. பயப்படாம சொல்லுங்க."

அதைக் கேட்டதும் எழுந்து பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். ஏற்கெனவே விளக்கிய பாத்திரம். கோபம் கோபமாக வருகிறது. என்னைவிட அந்த ஊர் பெரிதா? பெரிதென்றால் போகட்டும்.

8, சனி
மழை விட்டது. ஈசல்.

அம்மாவுக்கு அடுத்த வீட்டு அன்னம்மாக்கா, எங்களோடு ஒரே படகில் வந்தவர். அவரிடம் அம்மாவைப் பற்றி ஒரு மூச்சு குறை சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உனக்கு முன்னால அவளால சொல்லேலாது, பிள்ளை."

"என்னத்த?"

"ஊரடங்கு நேரம் உன்ர அப்பா ஏன் வெளியில போனவர் எண்டு கேப்பினம்தானே."

சைக்கிளை எடுத்து வரப் போனார் என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"சைக்கிளும் இல்லை, ஒண்டும் இல்லை. உனக்குப் பால்மா வாங்கப் போனவர். அம்மாக்குப் பால் வத்திப்போச்சு. நீ ராத்திரி முழுக்க அழுதனி."

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. என்னை அடித்த நாட்களில்கூட அம்மா வாயில் இது வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவளை உடனே பார்க்கவேண்டும் போலவும் இருக்கிறது, பார்க்கவே முடியாது போலவும் இருக்கிறது.

9, ஞாயிறு
பூசை முடிந்து அம்மாவிடம் போனேன். அன்னம்மாக்கா சொன்னதைச் சொல்லவில்லை. வீடியோவில் சொல்லும்போது அறைக்கு வெளியே இருக்கிறேன், ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். கடைசியில் சரி என்றாள்.

10, திங்கள்
வக்கீல் ஆபீஸ், தக்கலை. கரண்ட் இருந்தது. நான் வெளியே, ஸ்டூலில். கதவோ வெறும் பிளைவுட். எல்லாம் கேட்கிறது.

பெயர், ஊர், எந்தத் தெரு. அம்மா கணீரென்று சொன்னாள். பிறகு இலங்கையிலிருந்து விசாரிப்பவரின் குரல், "ஊரடங்கில அவர் ஏன் வெளியில போனவர், அம்மா?"

மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

சத்தியத்தை மீறி உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும்மா. சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளைக்குப் பசி."