முடி போகும் போக்கு

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். சாமி புண்ணியத்தில் நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர், சவரம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கழுத்தெல்லாம் சிவந்த கொப்புளம். “உங்களுக்கு ஒத்து வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்மா” என்று அவர் மகன் சொல்லிவிட்டார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டு அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தது; நானோ எல்லாரையும் போலக் கீழ்நோக்கி மழித்துக்கொண்டிருந்தேன். வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை தடவி, முடி போகும் போக்கிலேயே மழித்து, ஈரம் காயுமுன் கிரீம் பூசினேன்.

“என்னம்மா, பிளேடு போட மறந்துட்டியா?” என்றார் பெரியவர்.

மகன் சிரித்துவிட்டார். “நீங்களே இருங்கம்மா.”

நீங்களும் துணி சோப்பால் முகம் கழுவாதீர்கள். வெயிலில் வண்டி எடுக்குமுன் சன்ஸ்கிரீன் தடவுங்கள். “நான் என்ன மாப்பிள்ளையா?” என்று கேட்பீர்கள். எனக்கு மாப்பிள்ளைதான்.

பெரியவர் கூப்பிடுகிறார். ஒன்றே ஒன்று. வீட்டில் எந்த டப்பாவில் எவ்வளவு பருப்பு இருக்கிறதென்று இங்கிருந்தே சொல்வேன். உங்கள் தாடையில் முடி எந்தப் பக்கம் வளர்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்து எழுதுங்கள்.