சரி போட்ட வாக்கியம்

செவ்வாய், இரவு

இன்றும் கவிதா டியூஷனுக்கு வரவில்லை. போன வாரம், ஒரு செயலையே எழுவாயாக வைத்து ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் நீந்துவது நல்லது, சமைப்பது சுலபம் என்றெல்லாம் எழுதினார்கள். இவள், 'பள்ளியை விடுவது அம்மாவுக்கு உதவும்' என்று எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. சரி போட்டு, 'வெரி குட்' என்று எழுதி, வகுப்புக்கே வாசித்துக் காட்டினேன்.

இன்று பாடாங் மேஹா தோட்டத்தில் அவள் வீட்டருகே இருக்கும் தோழியிடம் விசாரித்தேன்.

"ஸ்கூல விட்டுட்டா டீச்சர். பேக்டரிக்குப் போறா. டீச்சர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்னு சொன்னாளே லா."

அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டேன்.

திருத்த வாங்கிய அவளுடைய நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது எடுத்து, 'வெரி குட்' என்பதை அடித்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.