அதே பள்ளிக்கூடத்தில்தான் உன் பேத்தியைச் சேர்த்தேன்

என் தங்க அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று ஆளாளுக்கு உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வராது, வேறென்னவோ வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு தாமதம். மனசு ஆறிப்போய் எழுதுகிற கடிதம் என்று நினைத்துவிடாதே. ஆறவில்லை.

முதலில் நல்ல சேதி. ஹரிணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போகிறது. கால் மட்டும் தனியாக வளர்கிறது. போன தீபாவளிக்குத் தைத்த பாவாடை முட்டிக்கு ஏறிவிட்டது. தெருப் பிள்ளைகளோடு நொண்டி ஆடும்போது தோற்கிற மாதிரி வந்தால் ஆட்டத்தின் சட்டத்தையே மாற்றுகிறாள். மற்றதுகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறாள், ஐந்து நிமிஷத்தில் மறந்துபோய்த் திரும்ப ஓடுகிறாள்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மம்மா இனிமே வரவே மாட்டாங்கல்ல?" என்றாள். நீ போனபோது அவளுக்கு அது பிடிபடவில்லை. ஆரம்பாக்கத்து வீட்டில் இருக்கிறாய், ஒருநாள் ரயிலேறி வருவாய் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போதுதான் அவளுக்கு நீ செத்திருக்கிறாய். எனக்கு அன்றைக்கு இரண்டாவது தடவை.

இனி கெட்ட சேதி. அவளை உன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதே. நீ பதினாலு வருஷம் ஆயாவாக இருந்தாயே, எல்கேஜி பிள்ளைகளுக்குக் கால் கழுவி, மூக்குத் துடைத்து, வாந்தி அள்ளிய இடம், அதே இடம். அதே ஹெட்மிஸ்ட்ரஸ், நாம் பெரிய மிஸ் என்போமே, அவரேதான். தலை நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. இரண்டாம் வகுப்புக்கு இந்த ஜூனில் சேர்த்தேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை விட்டிருக்கமாட்டாய். நீ இல்லாத தைரியத்தில் செய்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்காக அந்த நாளை நான் சொல்லியாக வேண்டும். நீ காதைப் பொத்திக்கொள்.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லாததால் இரண்டரை வயதிலேயே உன்னோடு வேலைக்குக் கூட்டிப்போனாய். எல்கேஜி வகுப்பு மூலையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு மிஸ் இரக்கப்பட்டு என் பெயரையும் வருகைப் பதிவில் எழுதிவிட்டார். அப்படியே யுகேஜி, அப்படியே ஒன்றாம் வகுப்பு. வகுப்பிலேயே நான்தான் கடைசியாகப் பிறந்தவள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை, உன்னைத் தவிர.

ஒன்றாம் வகுப்பு ரிசல்ட் அன்று வராந்தா முழுக்க அப்பா அம்மாக்கள். பெரிய மிஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஃபெயில் என்றார். நான் பயத்தில் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டேன். நீ ஓடிவந்து துடைக்கக் குனிந்தாய்.

"நீ நில்லு. அவளே துடைக்கட்டும். படிப்புதான் ஏறல, இதையாவது இப்பவே பழகட்டும்," என்றார் பெரிய மிஸ்.

மாப் குச்சி என்னைவிட உயரம். நான் துடைத்தேன். ஒரு அப்பா சிரித்தார், அவர் போட்டிருந்த கம்பெனிச் சட்டையின் நீலம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஏன்மா நின்றாய்? இருபத்தைந்து வருஷமாகக் கேட்க நினைத்து, கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

அதற்கு நீ எப்படிப் பழி வாங்கினாய் என்று ஒருநாள் நீயே சொன்னாய். மூன்று நாள் பெரிய மிஸ் டீயில் இஞ்சி தட்டிப் போடவில்லை. "கேட்டா இஞ்சி தீந்துபோச்சுன்ட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய். பதினாலு வருஷத்துக்கு மூன்று நாள் இஞ்சி. எனக்கு அது போதவில்லை அம்மா.

நான் வேறு கணக்கு வைத்திருந்தேன். ஆண்டு விழாவில் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளைக்குப் பெரிய மிஸ் தன் கையால் கப் கொடுப்பார். அந்தக் கப்பை என் மகள் வாங்க வேண்டும். கொடுக்கிற நேரத்தில் நான் மேடை ஓரம் போய் நின்று, இது யாருடைய பேத்தி தெரியுமா என்று கேட்க வேண்டும். ஹரிணி வயிற்றில் இருக்கும்போதே இந்தக் காட்சி எனக்கு வந்துவிட்டது. அதற்காகத்தான் அவளை இரண்டே முக்கால் வயதில், முதலில் வேறொரு பள்ளியில், நேராக எல்கேஜியில் போட்டேன். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முந்தலாம் என்பது என் பி.எஸ்ஸி. மூளை.

அன்றைக்கு நீ என்னோடு சண்டை போட்டாய். குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னாய். விரல் நெற்றிப்பொட்டோடு நின்றுவிட்டது. "காதே இன்னும் எட்டல. அதுக்குள்ள இன்னாடி அவசரம் உனக்கு? கொயந்த இன்னா ஓடியா பூடப்போது?" என்றாய். பர்த் சர்ட்டிஃபிகேட் இல்லாத காலத்து டெஸ்ட் என்று நான் கிண்டல் செய்தேன். வயது பத்தாது என்று ஆபீசில் தயங்கியவர்களிடம், ஏபிசிடி முழுக்க ஒப்பிப்பாள் என்று கெஞ்சிச் சேர்த்தேன். உனக்கு வேறு வழி இல்லாமல் என் விஷயத்தில் நடந்ததை, எல்லா வழியும் இருந்தும் நான் அவளுக்குச் செய்தேன்.

இந்த ஜூனிலிருந்து பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் விளையாட்டே கிடையாது. நான் சிப்காட் கம்பெனியில் குவாலிட்டி செக் முடித்து ஆறு மணிக்கு வந்ததும் நோட்டு. எட்டு வரைக்கும் எழுத்து. பி எழுதச் சொன்னால் டி எழுதுவாள். கடிகாரத்தில் பெரிய முள் எட்டில் நின்றால் மணி எட்டு என்பாள். விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடுவேன். அழித்து அழித்துத் தாள் கிழியும். கம்பெனியில் அளவு சேராத பொருளுக்குச் சிவப்பு மை தடவி ஒதுக்கி வைப்போம். அவள் நோட்டிலும் சிவப்பு மைதான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அரையாண்டில் கடைசியிலிருந்து மூன்றாவது ரேங்க். அதற்குப் பிறகு சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தாள். படுக்கையை நனைக்கிறாள், விட்டுப்போய் மூன்று வருஷமான பழக்கம். உன் மருமகன் டாக்டரிடம் காட்டலாம் என்றார். நான் டைம்டேபிளை மாற்றினேன்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம் இருக்கும். கிளாஸ் மிஸ் டைரியை அனுப்பி, இது நீங்கள் போட்ட கையெழுத்தா என்று கேட்டிருந்தார். ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்று ஐந்து நாள் எழுதியிருந்த குறிப்புக்குக் கீழே, ஐந்து நாளும் என் கையெழுத்து. கோணல்மாணலாக, ஜீவிதா என்று முழுசாக, கடைசி நாள் பக்கத்தில் ஒரு பூ வேறு போட்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டால் பூ போடுவேனா, அம்மா? ஆனால் அந்தப் பூ எனக்கு அன்று தெரியவில்லை. ஸ்கேலால் அடித்தேன். கை, கால், எங்கே பட்டதோ.

அவள் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சமாதானம் பேச வந்த மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா, அந்தக் கப்பு கடைல விக்கும்ல? அப்பாகிட்ட சொன்னா வாங்கியாருவாரு. நீ அய்வாதம்மா."

நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை ஆரம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஊராட்சிப் பள்ளியில் இப்போது ஒரு டீச்சர் இருக்கிறார், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். நோட்டை நீட்டினேன், வாங்கவில்லை. ஹரிணியை ஒற்றைக் காலில் நொண்டச் சொன்னார். பந்தைப் பிடிக்கச் சொன்னார். நேற்று என்ன நடந்தது, ஒரு கதை மாதிரி சொல் என்றார். இவள் நான் அடித்ததிலிருந்து கப்பு கடையில் விற்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் பிறந்த தேதியைப் பார்த்தார்.

"வயசுக்குச் சரியாத்தாம்மா கீறா. கிளாஸுக்குத்தான் சின்னவ. நீங்க இன்னாத்துக்கு இவ்ளோ அவசரப்பட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஃபெயிலாகி மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேனே, அந்த வருஷம் எல்லாம் எனக்குத் தானாக வந்தது. கூட்டல் வந்தது, பாட்டு வந்தது, பி வேறு டி வேறு என்று கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய மிஸ் என்னைத் திருத்திவிட்டதாக ஊரே சொன்னது. தலை அதே தலை. ஒரு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். அதைத்தானே நீ அந்த வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு, "வயசு பத்தல மிஸ், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று முணுமுணுத்தாய்?

அடுத்த நாள் டி.சி. கேட்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய மிஸ் அறைக்கு அனுப்பினார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. குழந்தை கொஞ்சம் ஸ்லோ, வீட்டில் படித்தவர்கள் இல்லையோ என்று ஆரம்பித்தார். நான் காந்தம்மாவின் மகள் என்றேன்.

"எந்தக் காந்தம்மா?"

இங்கே பதினாலு வருஷம் வேலை பார்த்தவர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பாத்ரூம் ஆயாவா? அவங்க பேரு காந்தம்மாவா?"

அம்மா, நான் இத்தனை வருஷம் ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தச் சண்டை நடப்பதே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான் டிகிரி முடித்து வேலையில் இருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாரேன், நம்ம ஸ்கூல் பொண்ணு. நாங்க அன்னிக்கு கண்டிச்சதாலதான் இன்னிக்கு நீ இப்படி வந்திருக்க. ஆண்டு விழாவுல பேசேன். ஆயா பொண்ணு, படிச்சு முன்னுக்கு வந்தது. பேரன்ட்ஸ் கேக்கட்டும்." டி.சி. பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்.

நான் சிரித்தேன். பேசுகிறேன் மேடம் என்று கையைக் கூப்பினேன். இஞ்சி போடாத உன் சிரிப்பு எனக்கும் வரும் என்று அன்றுதான் கண்டேன்.

உன் மருமகனுக்குப் பயம். "பொண்ணு அங்கதான் படிக்குது. பேஜாரு பண்ணாத ஜீவி" என்றார். அதனால் பொறுத்தேன். டி.சி. நேற்றுக் கையில் வந்துவிட்டது. ஆரம்பாக்கம் டீச்சரிடம் பேசிவிட்டேன், ரயிலில் தினமும் போய்வருகிற தூரம்தான். ஜூனில் மறுபடி இரண்டாம் வகுப்பு, அவள் வயதுப் பிள்ளைகளோடு. அதுவரை நொண்டி ஆடட்டும். சட்டத்தை மாற்றிச் சண்டை போடட்டும். ஸ்கேலை உடைத்துப் போட்டேன். அதற்காக அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் போனால் இன்னமும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த ஒரு கணத்துக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாருமில்லை.

ஆண்டு விழா வருகிற சனிக்கிழமை. ஹரிணி வரமாட்டாள். அப்பாவோடு ஊத்துக்கோட்டைக்கு அத்தை வீட்டுக்குப் போகிறாள். இந்தப் பகையில் அவளுக்குப் பங்கில்லை. ஒரு குழந்தையை அனுப்பி வாங்குகிற பழி பழியில்லை அம்மா, அது பெரிய மிஸ் செய்ததையே இன்னொரு தடவை செய்வது.

நான் தனியாகப் போவேன். உன் பெயரை முழுசாகச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். ரிசல்ட் அன்று நடந்ததை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொல்வேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எது முடியும், எது முடியாது என்பது அந்தக் கட்டடத்திலேயே பாத்ரூம் கழுவிய ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது என்று சொல்வேன். கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை அம்மாக்களும் அவரவர் பிள்ளையின் பிறந்த தேதியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

விட்டுடு, இன்னாத்துக்கு வம்பு என்பாய். இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கத்தமாட்டேன், அழமாட்டேன், பாதியில் இறங்கமாட்டேன். பேசி முடித்ததும் நன்றி சொல்லாமல் மைக்கைக் கொண்டுபோய்ப் பெரிய மிஸ் கையில் கொடுப்பேன். அவர் பதில் சொல்லட்டும். சொல்கிற வரைக்கும் அந்த மேடையிலேயே நிற்பேன்.

காந்தம்மா பெற்ற மகள்,
ஹரிணியைப் பெற்றவள்,
ஜீவிதா