விட்டுப்போன ‘வரேன்’

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. எழுதியதற்கே முதலில் மன்னித்துக்கொள். பக்கம் பக்கமாக எழுதினால் உனக்குப் பிடிக்காது, ரெண்டு வரியில் மெசேஜ் போடும்மா என்பாய், எனக்கும் அதுதான் ஆசை, ஆனால் நான் இப்போது இருக்கும் காலத்தில் போன் என்பது சுவரில் ஆணியடித்து மாட்டிய கறுப்புப் பெட்டி, அதில் பேசத்தான் முடியும், அதுவும் கத்திப் பேசினால். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமென்றால் நீ இன்னும் பிறக்கவில்லை, நானே இன்னும் பிறக்கவில்லை, அதனால் பிறந்த பிறகு நாம் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பயப்படாதே, யாருக்கும் அடிபடவில்லை. காலையில் போனில், வேலைக்குக் கிளம்பறேன் சாயங்காலம் பேசறேன் என்றேன் இல்லையா, அந்த வேலையில்தான் இப்படி ஆகிவிட்டது. நேற்றைக்குள் ஓடி ஒளிந்துகொண்ட ஒரு திருடனைப் பிடிக்க எங்கள் குழுவில் நாலு பேர் கிளம்பினோம். நேரக்காரரை உனக்குத் தெரியும், வழுக்கை, ஆனாலும் பாக்கெட்டில் சீப்பு வைத்திருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டால் எந்தக் காலத்துக்கும் போகலாம், ஆனால் அவருடைய சக்திக்குக் காது மட்டும்தான், புத்தி கிடையாது, வாய் என்ன சொல்கிறதோ அதை அப்படியே செய்துவிடும். அதனால் புறப்படும்போதெல்லாம் ‘போயிட்டு வரோம்’ என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வார், சொன்னபடியே போவோம், வருவோம். அன்றைக்கு நாங்கள் கை கோத்து நின்ற நேரம் பார்த்து அவர் மனைவி போன் செய்தார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து நிற்கிறார், ஸ்பேனரை எங்கே வைத்தீர்கள் என்று ஆரம்பித்து, ‘ஊர் உலகத்தையெல்லாம் காப்பாத்துறீங்க, வீட்ல ஒரு குழாய மூடத் துப்பில்ல’ என்று முடித்தார், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. ‘எப்பப் பாரு குழாய், குழாய், குழாய்! நான் போறேன்!’ என்று கத்திவிட்டார். அவ்வளவுதான், போய்விட்டோம். ‘வரேன்’ விட்டுப்போனதால் நேற்றில் நிற்கவில்லை, போன வாரத்தில் நிற்கவில்லை, சக்தி தானாக இளைத்து உட்காருகிற வரைக்கும் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் விழுந்தது ஒரு சலவைக் கடையின் பின்பக்கம், கொடியில் காயப்போட்ட ஈரப் போர்வைகளுக்கு நடுவில். இனி வீடு திரும்புவது எப்படி என்பதுதான் எங்கள் பாடு, அதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

போன வேகத்தில் எல்லோர் உடம்பிலிருந்தும் இருபது வயதுக்கு மேல் உதிர்ந்துவிட்டது. நேரக்காரருக்கு முன்மண்டையில் முடி வந்து சீப்புக்கு வேலை கிடைத்துவிட்டது, வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கல்லுக்காரர் நினைத்தால் கல்லாகிவிடுகிறவர் என்பதால் அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. பாவம், பறக்கிறவன்தான், குழுவிலேயே கடைக்குட்டி, அவன் மூன்று வயதுக் குழந்தையாகிவிட்டான். புத்தி மட்டும் பழைய புத்தி. ‘அக்கா, தயவுசெஞ்சு என்னத் தூக்காதீங்க, மரியாதையா இருக்காது’ என்று கறாராகச் சொன்னான், ஒரு நாய் குரைத்ததும் ‘சரி, தூக்குங்க’ என்றான். தூக்கத்தில் மேலே போய் உத்தரத்தில் முட்டிக்கொள்கிறான் என்று கட்டில் காலில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை அவன் இடுப்பில் கட்டினேன். நான் இப்போது உன்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாகத்தான் இருப்பேன், கண்ணாடியைப் பார்த்தால் நீ முறைப்பது மாதிரியே இருக்கிறது.

சலவைக் கடைக்கார அக்கா கையில் இஸ்திரிப் பெட்டியோடு ஓடிவந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். கூச்சம் வந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதானே என் சக்தி, வழக்கம்போலப் பாதி மறைந்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்காமல், ‘மாடி ரூம் பார்க்க வந்தீங்களா? வாசப்பக்கமா வந்தா என்ன, செவுரு ஏறிக் குதிக்கணுமா?’ என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த ஒரு காரணத்தால் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரே அறை, ஒரே ஜன்னல், கீழே துணி தேய்க்கிற சூட்டில் பலகைத் தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும், இடுக்கு வழியாக ஆவி வரும், சட்டையைத் தரையில் விரித்து வைத்தால் பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடும். அக்கா நல்ல மனுஷி, வாய்தான் நீளம். எங்கள் சிவப்பு அங்கியைப் பார்த்து ‘எந்த நாடகக் கம்பெனி?’ என்று கேட்டார், நேரக்காரர் கம்பீரமாக ‘நாங்க மக்களைக் காப்பாத்துறவங்கம்மா’ என்றார், அதற்கு அக்கா ‘எல்லா நாடகத்துலயும் அதானே கதை’ என்று சொல்லி அங்கியை வாங்கி வெள்ளைத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டார். தீயில் வேகாத, குண்டு துளைக்காத அங்கி, ஆனால் சாயம் போகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தத் தெரு முழுக்க இப்போது இளஞ்சிவப்புப் போர்வையில்தான் தூங்குகிறது. நீயும் புதுத் துணியைத் தனியாக ஊறப்போடு, சொன்னால் கேட்கமாட்டாய்.

பிழைப்புக்கு வேலை வேண்டுமே. நம் குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அந்தப் பெருமையில் பட்டதாரி என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போனேன். எந்தக் காலேஜ் என்றார்கள், சொன்னேன், அப்படி ஒன்று கிடையாதே என்றார்கள். சந்தேகப்பட்டு நேரில் போய்ப் பார்த்தேன், வெறும் பொட்டல், எங்கள் வகுப்பறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது, பின்வரிசை பெஞ்சு இருக்குமே சரியாக அந்த இடத்தில். அடுத்த நேர்காணலில் மூன்று பேர் ஒன்றாக என்னை நிமிர்ந்து பார்த்ததும் முழுசாக மறைந்துவிட்டேன், அவர்கள் ‘அடுத்தவங்கள வரச் சொல்லு’ என்று கூப்பிட்டார்கள். கடைசியில் யாரும் முகம் பார்க்காத வேலையாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கிடைத்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக இருக்கும் பெரிய பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்கிற நம்பருக்கு வயரைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்திருக்கிறது. மேற்பார்வை அம்மாகூட, ‘அந்தப் பொண்ணு சீட்ல இருக்கறதே தெரியல’ என்று பாராட்டுவார். வெளியூர்க்காரர்கள் வீட்டுக்குப் பேசுவதெல்லாம் என் காது வழியாகத்தான் போகிறது. விலைவாசி, உடம்பு, கல்யாணம் என்று ஆயிரம் பேசினாலும் வைக்கும்போது எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள், ‘எப்ப வர்றே?’ நாள் முழுக்க இதைக் கேட்டுவிட்டு வந்து அறையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. நேரக்காரருக்குப் பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. ‘அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆனா என்ன சார்’ என்று எந்த டிரைவராவது சொல்லிவிட்டால், ‘அஞ்சு நிமிஷத்தோட அருமை என்கிட்டக் கேளுய்யா’ என்று கண் கலங்கிவிடுகிறார், டிப்போவில் அவருக்குக் காதல் தோல்வி என்று பேச்சு.

திரும்பி வர அவர் சொல்லிப் பார்க்காத வார்த்தை இல்லை. ‘வரேன்’ என்றார், ‘வரோம்’ என்றார், ‘வந்துட்டோம்’, ‘வந்தாச்சு’, ‘இதோ வந்துக்கிட்டே இருக்கேன்’, ஒன்றும் நடக்கவில்லை. சலவைக்கார அக்கா கீழேயிருந்து, ‘வர்றதுன்னா வாங்க, படியில நின்னு ஏலம் போடாதீங்க’ என்று சத்தம் போட்டார், உடனே நாங்கள் நாலு பேரும் படியிலிருந்து அவர் முன்னால் போய் நின்றோம், ஒரு படிகூட இறங்காமல். அப்போதுதான் புரிந்தது. போகிறவர் சொன்னால் போதாது, அங்கே இருக்கிறவர் வா என்று கூப்பிட வேண்டும். அதற்கு அடுத்த வாரமே, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரக்காரருக்கு முழங்கால் வரை காணாமல் போய்விட்டது. கால் இல்லாமல் அந்தரத்தில் நின்றபடி, ‘அவ குரல் கேக்குது, அவ குரல் கேக்குது’ என்று அலறினார். என்ன சொல்கிறார் என்று கேட்டோம். ‘வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்’ என்கிறாராம் அவர் மனைவி, குழாய்க்காரரிடம். பாவம், அந்த மனுஷர் கொஞ்ச நேரம் வருவதும் போவதுமாகத் துடித்துவிட்டு, ஈரமான காலோடு திரும்பினார், வீட்டில் குழாய் இன்னும் ஒழுகுகிறது போலிருக்கிறது. நாங்கள் இங்கே மாசக்கணக்காகக் கிடக்கிறோம், அங்கே இன்னும் அதே நாள்தான் என்றும் அதில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பறக்கிறவன் போனது. அவனை மடியில் வைத்து ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தேன், ‘நானே சாப்பிடுவேன்’ என்று மானப் பிரச்சினை செய்துகொண்டிருந்தான், திடீரென்று தலையைத் தூக்கி, ‘அம்மா கூப்பிடறாங்க’ என்றான். அவன் காணாமல் போனதே தெரியாமல் அவன் அம்மா வீட்டில் தினம் கூப்பிடுகிற மாதிரி ‘சாப்பிட வாடா’ என்று கூப்பிட்டிருக்கிறார். மடி லேசானது, கையில் கயிறு மட்டும் இருந்தது. நான் அவனை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் குட்டிம்மா, ஆனால் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் மட்டும்தான் போக முடியும் என்று தெரிந்துகொண்டேன். பழைய வயதோடு போய்ச் சேர்ந்தானா, மூன்று வயசோடு பந்தியில் உட்கார்ந்தானா தெரியாது, எப்படிப் போனாலும் அந்த அம்மா சோறு போட்டுவிட்டுத்தான் விசாரிப்பார். நேரக்காரரும் போய்விடுவார், அவர் மனைவிக்குக் கோபம் பொசுக்கென்று வந்து பொசுக்கென்று தணியும், குழாய் சரியானால் போதும். தினமும் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கல்லுக்காரருக்குக் கூப்பிட ஆள் இல்லை. அவர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘எதிர்காலத்துக்கு எல்லாரும் போய்க்கிட்டுத்தானேம்மா இருக்காங்க, நான் நின்னுக்கிட்டே வந்துடறேன்’ என்கிறார். உன் ஆபீசுக்கு எதிரே யாருடையது என்றே தெரியாத ஒரு சிலை நிற்கிறது, ஒரு கையை நீட்டிக்கொண்டு, ஆபீசில் எல்லோரும் அதில் சாப்பாட்டுப் பையை மாட்டுவோம் என்று ஒரு முறை சொன்னாயே, அது இவர்தான். இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டோம், இப்போது அங்கே ஒரு முள்வேலி. இடுப்பில் கை வைத்து வீரமாக நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, நீ கை நீட்டியிருப்பதாகச் சொன்னதால் நீட்டித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, தினம் சாயங்காலம் பயிற்சி நடக்கிறது. இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாளைக்குக் கல்லாகிறார். நீ ஆபீஸ் விட்டு வரும்போது கண்ணைத் திறப்பார். கத்திவிடாதே, கூட இருக்கிறவர்களையும் கத்த விடாதே. முதலில் உட்காரச் சொல், அரை நூற்றாண்டாக நின்றவர். புறா எச்சத்தைப் பற்றி எதுவும் கேட்காதே, அவரே சொல்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு. படுத்துக்கொண்டு போன் பார்க்காதே. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, வேலை இருக்கிறது, வெதுவெதுப்பான தரை இருக்கிறது, அக்கா அடுத்து யாரையாவது எனக்குப் பார்த்துக் கட்டிவைத்துவிடுவாரோ என்கிற பயம் ஒன்றுதான். எங்கே இருந்தாலும், எந்த வருஷத்தில் இருந்தாலும் உனக்கு என் ஆசீர்வாதம் உண்டு, குறைவில்லாமல் இரு. மாடிக் கதவைப் பூட்டினாயா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
இப்போதைக்கு உன்னைவிடச் சின்னவளான
உன் அம்மா

பி.கு. கேட்க வந்ததை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நீ புது வீட்டுக்குப் போன பிறகு நான் இன்னும் வந்து பார்க்கவில்லை, ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. நீ கூப்பிடவில்லை என்று குறை சொல்லவில்லை, அம்மாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டு வாங்குகிற ‘வா’ பலிக்குமா என்று கல்லுக்காரரிடம் விசாரித்தேன், ‘நீங்க கேட்டாத்தானேம்மா அந்தப் பொண்ணுக்குத் தெரியும்’ என்றார். அதனால் கேட்கிறேன். ஒரு தடவை கூப்பிடு. வார்த்தையில் மட்டும் ஜாக்கிரதையாக இரு. ‘ஒரு நாள் வாம்மா’ என்று சொல்லிவிடாதே, ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிடும். ‘நேரம் கிடைச்சா வாம்மா’ என்று சொன்னால் எந்த நேரத்தில் போய் விழுவேனோ தெரியாது. ‘வாம்மா’ போதும். மனசு இருந்தால், ‘வந்து என்கூட இரு’ என்று சேர்த்துச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.