உன் பழைய மடிக்கணினியும் அப்பாவின் வேலைமேசையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது, அதை நான் பொருட்படுத்துவதில்லை. நீயும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், அவ்வாறு இல்லையெனில் இக்கடிதம் கண்ட அன்றே திருத்திக்கொள்ளவும். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்கக்கூடும். பேசும்போது உன் அப்பா என் தோளை ஒட்டியே அமர்ந்திருக்கிறார். நான் சொல்லவிருப்பதில் பாதி அவரைப் பற்றியது, மறுபாதி என் தலைக்கனத்தைப் பற்றியது, இரண்டுக்கும் எழுத்தே தகுந்த வழி.

முதற்செய்தி, அலமாரியில் நீ விட்டுச்சென்ற மடிக்கணினியை நான் தூக்கிப் போடவில்லை. "அது செத்துப்போச்சும்மா, பழைய சாமான் கடையில போட்டுடு, நான் புதுசு அனுப்புறேன்" என்று மும்முறை சொன்னாய், மும்முறையும் ஆகட்டும் என்றேன். என் வாயிலிருந்து வரும் ஆகட்டும் என்பதற்குச் சரி என்று பொருளில்லை என்பதை என் வயிற்றில் பிறந்த நீ அறிந்திருக்க வேண்டும். இந்தக் கடிதமே அதில் தட்டச்சு செய்யப்படுவதுதான்.

உன் அப்பாவின் நடுப்பார்வை மங்கிவிட்டது, ஓரப்பார்வை மட்டும் நிற்கும், எந்த மூக்குக்கண்ணாடியும் இதற்கு உதவாது என்று மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தவற்றை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் முகத்துக்கெல்லாம் கண்ணாடி பூட்டிக் கொடுத்தவர், எள்ளில் பாதியளவு திருகாணியை மேசைத்துணி மேல் விரலால் தடவித் தடவித் தேடினார். யார் எதைக் கொடுத்தாலும் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். அடுத்த கடைத் தையற்காரர், "என்ன மாஸ்டர், கோழி மாதிரி பார்க்குறீங்க" என்று கேலி செய்தாராம், இவரும் சிரித்தாராம், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாதக் கடைசியில் மேசைச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராச்சும் போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே மரியாதையா இறங்கிடறேம்மா" என்றார். அவருக்கு அந்த மேசை வேலை செய்யும் இடம் மட்டுமா, நீ நடை பழகியதே அதன் காலைப் பிடித்துக்கொண்டுதானே.

அந்த வாரம் நூலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மூலையில் பார்வை குறைந்த ஒருவர் செய்தித்தாளை ஒரு கருவியின் அடியில் வைத்து, எதிரே இருந்த திரையில் ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கை அளவில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்று நானும் அரைப்பக்கம் படித்துவிட்டேன், நாகரிகமில்லைதான். நூலகரிடம் இதனுள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லம்மா, மேல ஒரு கேமரா, எதிர்ல ஒரு திரை, அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த 'அவ்வளவுதான்' என் காதிலேயே இருந்தது. நீ வகுப்புகளுக்கு வைத்திருந்தாயே கண்விழி போன்ற உருண்டைக் கேமரா, வளையத்தைத் திருகினால் கிட்டத்தில் இருப்பதும் தெளியுமே, அதுவும் நம்மிடம் இருக்கிறது, திரையும் இருக்கிறது, இரண்டும் ஒரே அலமாரியில் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன என்று தோன்றியதும் முழங்கால் வலி மறந்துபோயிற்று.

மடிக்கணினி உயிரோடுதான் இருந்தது, சோம்பல் மட்டும் அளவு கடந்தது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய், தேநீர் போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது, நான் பள்ளியை விடவில்லை என்று அடிக்கடி சொல்வேனே. நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். அடிப்பக்கத் திருகாணிகளை அப்பாவே விரலால் தொட்டுத் தொட்டுக் கழற்றிக் கொடுத்தார், ஒன்றையும் தொலைக்கவில்லை. உள்ளே விசிறியின் மேல் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது, அவருடைய வில்லை துடைக்கும் தூரிகையால் எடுத்தேன். உப்பியிருந்த பேட்டரியைக் கழற்றி பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட்டேன், இனி அது சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடும். உன் படங்களையும் கோப்புகளையும் முதலில் ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தினேன், பயப்படாதே. பிறகு பழைய இயங்குதளத்தை நீக்கிவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். முதல் இரண்டு முறை கறுப்புத் திரைதான் வந்தது, அப்பா பக்கத்திலிருந்து "இது உன்னைப் பார்த்துப் பயந்துடுச்சு" என்றார். மூன்றாம் முறை ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும், இரண்டு கொடுத்தால் மூச்சு வாங்கும், ஆனால் ஒன்றை மட்டும் கொடுத்தால் அந்த ஒன்றை நாணயமாகச் செய்யும். மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்களை நான் மதிப்பதுண்டு.

மடிக்கணினித் திரையின் உடைந்த கீலுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரத்தை முட்டுக் கொடுத்து, மேசைவிளக்கின் வளையும் கழுத்தில் கேமராவைத் தலைகீழாகக் கட்டி, அப்பாவின் கடைமேசையில் வைத்தேன். திருகாணி திரையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. அப்பா திரையை ஒட்டிக் குனிந்து, "திருகாணித் தலையில கீறல் கூடத் தெரியுது, யாரோ முரட்டுத்தனமா முடுக்கியிருக்கான்" என்று யாரென்றே தெரியாத ஒருவனைத் திட்டினார். கையை வலப்பக்கம் கொண்டுபோனால் படத்தில் இடப்பக்கம் போகிறதே என்று மட்டும் கேட்டார். கேமரா என்றால் அப்படித்தான், முகம் மழிக்கும்போது பார்ப்பீர்களே அதுபோலப் பழகிக்கொள்ளுங்கள் என்றேன். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, மகளே. தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆகவே தெரிந்தவள் போலச் சொன்னேன். அவரும் மூன்றே நாளில் கையைத் தலைகீழாகப் பழக்கிக்கொண்டார். இரண்டு வாரம் வேலை முன்போலவே நடந்தது, சாவிப் பேச்சே எழவில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை அம்மாள் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்துவிட்டார். "அண்ணே, இதைப் போட்டா என் ரெண்டு கண்ணும் மாமியாரும் மருமகளுமா நிக்குதுங்க, ஒண்ணு சொல்றதை ஒண்ணு கேட்க மாட்டேங்குது, ரொட்டின்னு நினைச்சுத் தட்டு விளிம்பை வெட்டிட்டேன்" என்று கடை முழுதும் கேட்கும்படி சொன்னாராம். வலக்கண் வில்லை இடப்பக்கமும் இடக்கண் வில்லை வலப்பக்கமும் பூட்டியிருந்தது. மற்றச் சட்டங்களில் பக்கம் மாறினால் வில்லை உட்காரவே உட்காராது, அந்த அம்மாளுடையதோ முழுவட்டச் சட்டம், எந்தப் பக்கமும் ஏற்றுக்கொள்ளும். முதல் வருடம் வேலை கற்பவர்கூடச் செய்யாத பிழை. வீட்டுக்கு வந்து, புதன்கிழமை சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார் அப்பா. கேமராவுக்குக் கண் தெரிகிறது, ஆனால் தன் மூளைக்கு இப்போது பக்கம் தெரியவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடிக்கணினியும் கேமராவும் வீட்டுக்கு விடுமுறைக்கு வரும். அன்று மதியம், அவர் தாமாகவே கேமராவின் அடியில் உன் புகைப்படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், நீ புறப்படுவதற்கு முன் எடுத்த படம். என்னைக் கூப்பிட்டு, "சைக்கிள்ல இருந்து விழுந்தாளே, அந்தத் தழும்பு வலது புருவத்துலயா இருந்துச்சு? இடதுன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்" என்றார். பிறகு தமக்குத் தாமே, "கண்ணு போச்சுன்னு பார்த்தா ஞாபகமும் சேர்ந்து போகுது" என்றார். உன் தழும்பு இடப்புருவத்தில்தான் இருக்கிறது, தையல் போட்டபோது உன் தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். அந்தக் கணம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரை பக்கத்தை மாற்றிக் காட்டுகிறது, ரொட்டிக்கடை அம்மாளின் வில்லைகள் பக்கம் மாறியதும் அதனால்தான். இத்தனை நாள் அதன் அடியில் நாங்கள் வைத்தது மூக்குக்கண்ணாடிகளை மட்டுமே, அவை இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பவை, அதனால் எனக்கும் புலப்படவில்லை. ஓர் எழுத்தை வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவர் வெளியே நடக்கப் போனதும் அமைப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். படத்தை இடவலமாகத் திருப்புவதற்கென்றே ஒரு சிறு கட்டம் இருந்தது, ஒரே ஒரு சொடுக்கு. நான் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இனி எழுதுவதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் அன்று அவரிடம் சொல்லவில்லை. திங்களும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் அந்தக் கட்டத்தைச் சொடுக்கிவிட்டால் போதுமே என்று நினைத்தேன், ஆனால் தலைகீழாகப் பழகிய கை மறுபடி தடுமாறும், அதற்கும் அவர் தம் மூளையையே பழிப்பார். இது தெரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எதையும் அறிந்தவள் என்ற பெயர் அவ்வளவு இனிப்பாக இருந்திருக்கிறது எனக்கு. செவ்வாய் மாலை அவர் இடுக்கியையும் திருப்புளிகளையும், கூடவே மடிக்கணினியையும் கேமராவையும் கடையிலிருந்து கொண்டுவந்து, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். சாவியையும் துடைத்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. என்னங்க, தவறு உங்களுடையது அன்று, என்னுடையது, நான் தெரியாமலே அப்படித்தான் என்று சொன்னேன் என்று சொல்லி, கட்டத்தைக் காட்டி, உன் படத்தை வைத்துத் திருப்பியும் காட்டினேன்.

கோபிப்பார் என்று நின்றேன். துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "காதும் போயிடுச்சோன்னு சந்தேகம், இன்னொரு தடவை" என்றார். "முப்பத்திமூணு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்கூடக் குடித்தனம் பண்றேன்" என்று சொல்லிச் சிரித்தார் பார், பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்தார். மறுநாள் சாவி அவர் சட்டைப்பையிலேயே கடைக்குப் போய், சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது. புதுப் பக்கத்துக்குக் கை பழக நான்கு நாளாயிற்று, நான்கு நாளும் என்னைத்தான் திட்டினார், கேட்டுக்கொண்டேன். வில்லைகளை மாற்றிப் பூட்டியதும் ரொட்டிக்கடை அம்மாள், மாமியாரும் மருமகளும் ராசியாகிவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். இன்னும் எத்தனை நாள் அந்த ஓரப்பார்வை ஒத்துழைக்கும் என்று எனக்குத் தெரியாது. பார், தெரியாது என்று எழுதிவிட்டேன், பழகிவருகிறது.

ஆகவே புது மடிக்கணினி அனுப்ப வேண்டாம். உனக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றே, உன் அலுவலகத்தில் யாராவது ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்று மட்டும் பதில் சொல்லாதே, நான் சொல்லிப் பட்டது போதும். எல்லா நன்மையும் உன்னைத் தேடி வரட்டும், தேடி வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும், வேலை வேலை என்று அலையாதே.

ஒரு நினைவூட்டல். உன் முகம் பெரிதாக விழும்படி அண்மையில் எடுத்த படம் ஒன்றைத் தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பு. கைப்பேசியில் நீ தோன்றும்போதெல்லாம் நல்லா இருக்கே, கொஞ்சம் இளைச்சிருக்கே என்று அப்பா சொல்வார் அல்லவா, எட்டு மாதமாக உன் குரலைக் கேட்டுத்தான் அதைச் சொல்லி வருகிறார். கேமராவின் அடியில் வைத்து நிதானமாகப் பார்க்கட்டும். முடியை ஒதுக்கிக்கொண்டு எடு, இடப்புருவம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலமே நாடும், அண்மையில் ஒரு தவறு செய்த,
அம்மா